உப்புக்கு அடுத்த பக்கம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் சர்க்கரையைப் பற்றிப் பேசுவோம், பிறகு உப்பைப் பற்றி. எனக்கு டாக்டர் இரண்டையுமே குறைக்கச் சொல்லியிருக்கிறார். சர்க்கரையை விட்டுவிட்டேன், அது எனக்கு உறவு இல்லை. உப்பு அப்படியில்லை. நான் மளிகைக் கடைக்காரர் மகள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு மழைக்காலம் தொடங்கி அடுத்த கோடை வரைக்கும் நான் உப்பை நம்பி உயிர் வாழ்ந்தவள். உங்களில் சாமியை நம்பியவர்கள் இருப்பீர்கள், கட்சியை நம்பியவர்கள் இருப்பீர்கள், சீட்டுக் கம்பெனியை நம்பியவர்கள்கூட இருப்பீர்கள். உப்பை நம்பினது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் கடை செஞ்சி கடைத்தெருவில் இருந்தது. வீடு அதற்குப் பின்னால். ராத்திரி கடையைப் பூட்டும்போது துவரம்பருப்பு, மிளகாய், வெல்லம் எல்லா மூட்டையும் உள்ளே போகும். உப்பு மூட்டை மட்டும் வெளியிலேயே கிடக்கும். உப்பைத் திருடினவன் உருப்பட மாட்டான் என்று ஊருக்கே தெரியும். கழுதைக்குத் தெரியாது என்பதால் மேலே ஒரு கோணியைப் போட்டுவைப்பார் நைனா. மழை நாளில் அந்த மூட்டை தானாக வேர்க்கும். அதன் கீழே எப்போதும் ஒரு ஈரவட்டம் இருக்கும். நான் அதில் விரலை வைத்து நக்கிப் பார்த்து, வாங்கிக்கட்டிக்கொள்வேன்.

எங்கள் வீட்டுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தவள் அத்தை, நைனாவின் தங்கை. கல்யாணமாகிப் போன அடுத்த வருஷமே திரும்பி வந்துவிட்டவள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கக் கூடாது; அதனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் பால்வாடி டீச்சர். விழுப்புரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தபோது ஒரு பெரிய படப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸைவிட்டு இறங்கினாள். கைக்குழந்தையைக் கொண்டுவருகிறாள் என்று எதிர்க்கடைக்காரர் நினைத்துவிட்டாராம்.

நீல அட்டை. முதல் பக்கத்தில் ஒரு கல், ஒரு செங்கல், ஒரு கதவு. 'இவை திடம்.' அடுத்ததில் பால், எண்ணெய், மழை. 'இவை திரவம். பாத்திரம் எப்படியோ, இவையும் அப்படி.' அதற்கடுத்து அடுப்பில் கொதிக்கும் பானை, மேலே வெள்ளையாக நீராவி. எழுத்து கொஞ்சம்தான். படங்கள் மட்டும் அவ்வளவு பெரிதாக இருக்கும். பாலைத் தொட்டால் விரல் நனையும் என்று நினைத்துப் பல பிள்ளைகள் சட்டையில் துடைத்துக்கொண்டார்கள்.

அத்தை எங்களையே பாடமாக்கினாள். திடம் என்றால் எல்லோரும் நெருக்கி ஒட்டி நிற்க வேண்டும், அசையக் கூடாது. திரவம் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து நகர வேண்டும். வாயு என்றால் கையை விட்டுவிட்டு ஓட வேண்டும். திடத்தில் எப்போதும் ஒருவன் அழுவான், பக்கத்தில் நிற்பவன் கிள்ளியிருப்பான். வாயு மட்டும் பிரமாதமாக வந்தது. ஒரு நாள் வாயு பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது. திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு மூலக்கூறைக் கண்டக்டர்தான் இறக்கிவிட்டார்.

ஐஸ் பாடம் இன்னும் விசேஷம். செஞ்சியில் அப்போது யார் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இல்லை. சோடாக் கடைக்கு மரத்தூளில் புதைத்து பஸ்ஸில் ஐஸ் வரும். அத்தை ஒரு கட்டியைக் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றி, புரட்டாசி வெயிலில் பால்வாடிக்கு நடந்தாள். வழியில் பேச்சுக்கு ஆள் கிடைத்திருக்க வேண்டும். எங்களை வட்டமாக உட்காரவைத்துத் துண்டைப் பிரித்தபோது துண்டு மட்டும்தான் இருந்தது. அத்தை கொஞ்சமும் அசரவில்லை. "இதோ இருக்குது பாருங்க ஐஸு. இப்ப தண்ணியா இருக்குது" என்றாள். எல்லோருக்கும் ஒரு வாய் துண்டைச் சப்பக் கொடுத்தாள். ஐஸ் என்பது அத்தையின் வேர்வையும் மரத்தூளும் கலந்த ருசி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அதைவிட முக்கியமாக, இல்லாத ஒன்றைக் காட்டி 'இருக்கிறது' என்று அத்தை சொன்னால் இருக்கிறது என்பதையும் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் அவளுக்குப் பிடித்த பக்கம் ஒன்று இருந்தது, உப்புப் பக்கம். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கை, கையிலிருந்து விழும் உப்பு. 'உப்பு கரைந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் இருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்.' அம்மா உடனே கடையிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துவந்து டம்ளரில் போட்டுக் கலக்கினாள். எங்கே போச்சு தேடு என்றாள். நான் டம்ளருக்குள் மூக்கு நனையத் தேடினேன். இல்லை என்றதும் நாக்கில் வைக்கச் சொன்னாள். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. முகம் அவ்வளவாக இல்லை. இருக்கிற ஒரே ஃபோட்டோவில் அவள் சிரிக்கவில்லை. அதனால் இரண்டையும் ஒட்டவைக்க முடிவதில்லை.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்கு அக்குள் பக்கம் ஒரு கட்டி இருந்தது.

உடம்பில் கட்டி வந்தால் கோயில் குளத்தில் வெல்லமும் உப்பும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது கரைவது போல இதுவும் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொள்வது. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் நானும் போவோம். கடையில் இருந்ததிலேயே நல்ல வெல்லத்தை நைனா பொறுக்கிக் கொடுப்பார். அம்மா முழு அச்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி நிற்பாள். பால்வாடிப் படிப்பு படித்த எனக்கு அது பொறுக்கவில்லை. பொடி செய்து போட்டால் சீக்கிரம் கரையும் என்று எடுத்துச் சொன்னேன். அத்தையிடம் கேட்டார்கள். பாப்பா சொல்வது சரிதான் என்று அவளும் சொன்னாள். அதற்கப்புறம் நைனாவே வியாழக்கிழமை சாயங்காலம் வெல்லத்தை நசுக்கிப் பொட்டலம் கட்டிவைத்தார். இப்படியாக மூன்று பெரியவர்களும் ஒரு பால்வாடிக் குழந்தையும் சேர்ந்து ஒரு கட்டியை எப்படிச் சீக்கிரம் கரைப்பது என்று விஞ்ஞானபூர்வமாக யோசித்துக்கொண்டிருந்தோம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எங்கள் கடையைத் தாண்டித்தான் போகும். தினமும் போயிற்று.

கடைசியில் அந்த பஸ்ஸில் ஏறியபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. கார்த்திகையில் அம்மா வேனில் திரும்பி வந்தாள்.

பெண் குழந்தை சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தூக்கிக்கொண்டுபோய் மூன்றாவது தெருவில் ஒரு வீட்டில் உட்காரவைத்து பன் கொடுத்தாள். மேளச் சத்தம் தூரத்தில் போயிற்று. பன் நன்றாக இருந்தது. ஆகவே என்னைப் பொறுத்தவரை அம்மா கூடத்தில் படுத்திருந்தாள். நான் ஒரு பன் தின்றேன். திரும்பி வந்தபோது கூடம் கழுவிவிடப்பட்டிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. மறுநாள் அண்ணன் மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் வந்து நின்றான். நான் அவன் தலையைப் பார்த்துச் சிரித்தேன். அனந்தபுரத்துச் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, முதுகில் ஒன்று வைத்தாள்.

அண்ணனிடம் அம்மா எங்கே என்று கேட்டேன். அவனுக்குப் பத்து வயது. என்னைப் பார்க்காமல், வேட்டி முனையைப் பிழிந்துகொண்டே சொன்னான்.

"ஏரியில கரைச்சிட்டு வந்தோம்."

நெருப்பைப் பற்றி அவன் சொல்லவில்லை. அதை மூட்டியவன் அவன். இன்றைக்கு அவனுக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள், இன்னும் சொன்னதில்லை.

நான் அத்தையிடம் ஓடினேன். அம்மாவை ஏரியில் கரைத்துவிட்டார்களாமே, நிஜமா என்று கேட்டேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. பிறகு, பயிற்சி பெற்ற ஒரு டீச்சர் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். உள்ளே போய் நீல அட்டைப் புத்தகத்தை எடுத்துவந்து மடியில் வைத்து உப்புப் பக்கத்தைத் திறந்தாள்.

"இங்க பாரு கண்ணு. உப்பு கண்ணுக்குத் தெரியுதா? தெரியல. இல்லன்னு சொல்லிட முடியுமா?"

முடியாது என்று தலையாட்டினேன். நாக்கில் வைத்துப் பார்த்தவள் ஆயிற்றே. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாடம் அவளைப் பொறுத்தவரை அங்கே முடிந்துவிட்டது.

அடுத்த பக்கத்தை நானே திருப்பிக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில் உப்பளம் இருந்தது. நீலமாகப் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர், மேலே மஞ்சள் சூரியன், கீழே வெள்ளை வெளேரென்று குவியல். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாவிட்டாலும் அத்தை பல முறை வாசித்ததில் எனக்கு மனப்பாடம். 'வெயில் வந்தது. தண்ணீர் போனது. உப்பு திரும்ப வந்தது.'

அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். சோறு கேட்டுச் சாப்பிட்டேன். மறுவாரம் பால்வாடியில் பாட்டுப் பாடினேன். துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தார்கள். பாப்பா தேறிவிட்டது, சின்ன வயசு, சீக்கிரம் மறந்துவிட்டது, பெரியவன்தான் பாவம் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். இதில் அண்ணனைப் பற்றிச் சொன்னது மட்டும் சரி. நான் தேறவில்லை. எனக்குத் தேதி தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை மூடிவிட்டு நைனா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஏரிக்கரைக்கு அழைத்துப்போவார். நான்தான் கேட்பேன். குழந்தை ஆசையாகக் கேட்கிறதே என்று அவர் வருவார். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஏரி ததும்பி, ராஜகிரி மலை அதில் தலைகீழாக நின்றது. கரையில் நிற்கிறவர்கள் முகமெல்லாம் சந்தோஷம். இரண்டு போகம் உறுதி என்றார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை.

"நைனா, இது எப்ப வத்தும்?"

"சித்திரைக்கு வத்திடும் பாப்பா."

ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி, இதே பதில். ரயில் எப்போது வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்பது போலக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்புவேன்.

நடுவில் ஒரு இடி விழுந்தது. தை மாதம் மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் போனால் அதில் கரைந்த உப்பும் போய்விடுமா என்று அத்தையிடம் கேட்டேன். என் விஞ்ஞான ஆர்வத்தைக் கண்டு அவள் பூரித்துப்போனாள். தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே உப்பும் போகும் என்று தெளிவாக விளக்கினாள். நான் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். மூன்றாம் நாள் நைனாவிடம், மதகை மூடச் சொல் என்று அழுதேன். அம்மா போனதிலிருந்து சிரிக்காத மனுஷன் சிரித்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், பாப்பா பொதுப்பணித் துறைக்கே உத்தரவு போடுகிறது என்று. பிறகு எனக்கு விளக்கினார்: மதகு மட்டத்துக்குக் கீழே ஏரியில் நிற்கிற தண்ணீர் எங்கேயும் போகாது, அது வெயிலில்தான் வற்றும். எனக்கு உயிர் வந்தது. அம்மா கொஞ்சம் பருமன். எப்படியும் அடியில்தான் இருப்பாள்.

பங்குனியில் சித்தி வந்தாள், அம்மாவின் சேலைகளைப் பிரித்துக்கொள்ள. பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பியபோது மாம்பழக் கலர் சேலை ஒன்று குறைந்தது.

"எங்கக்கா தீவாளிக்கு எடுத்ததாச்சே, எங்க போச்சு?" என்றாள் சித்தி, யாரையும் பார்க்காமல், ஆனால் அத்தை இருக்கும் திசையில்.

"என்னக் கேட்டா? மாம்பழத்தக் கட்டினு பால்வாடிக்குப் போனா பசங்க கடிச்சி வெச்சிடும்."

"கட்டினாத்தான் வெளிய தெரியுமே. பொட்டியில வெச்சிக்கலாம் இல்ல?"

"என் பொட்டியத் தொறந்து பாரு. மூணு சேலையும் ஒரு பாச்சை உருண்டையும் இருக்குது. உருண்டைய வேணா எடுத்துக்கோ."

இரண்டு பேரும் அதற்கப்புறம் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சேலையும் அதற்கேற்ற ரவிக்கையும் கடையில் காலி உளுந்து மூட்டைக்குள் இருந்தன. வைத்தவள் நான். படத்தில் திரும்பி வந்த உப்பின்மேல் எதுவும் போர்த்தியிருக்கவில்லை. ஏரியில் ஆடு மேய்ப்பவர்கள் இருப்பார்கள், மீன் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள். அம்மா வெட்கப்படுவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்குப் பெரியவர்கள்மேல் கோபம்கூட இருந்தது.

சித்திரை வந்தது. நைனா சொன்ன வாக்குத் தவறாமல் ஏரி வற்றியது.

ஒரு நாள் காலையில் உளுந்து மூட்டையோடு நான் தனியாகக் கிளம்பினேன். ஏரியின் வயிற்றில் நடப்பது அதுதான் எனக்கு முதல் தடவை. மண் பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் அப்பளம் போலச் சுருண்டிருந்தன. வெறும் நத்தைக் கூடுகள், ஒற்றை ரப்பர் செருப்பு, நெளிந்த ஒரு சொம்பு. நடுவில் கடைசியாய்ச் சேறு காய்ந்துகொண்டிருந்த இடத்தை ஒட்டி, ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுக்கு மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

உவர் மண் என்று இப்போது தெரியும். வற்றிய ஏரியில் அங்கங்கே பூப்பதுதான். அன்றைக்கு நான் மண்டியிட்டு, விரலால் தொட்டு, நாக்கில் வைத்தேன். கரித்தது.

சேலையைப் பிரித்து அதன்மேல் போர்த்தினேன். ரவிக்கையை மடித்துப் பக்கத்தில் வைத்தேன். பறக்காமல் நாலு மூலையிலும் மண்கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி வந்து நின்றாள்.

"யாரு ஊட்டுப் பொண்ணுடி நீ? இன்னா பண்ற இங்க?"

"மளிகைக் கடை. காயறதுக்கு உக்காந்துனு இருக்கேன்."

சேலை காய்ந்துதானே இருக்கிறது என்று அவள் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சேலையைப் பார்த்தாள். பிறகு ஆடுகளை விட்டுவிட்டுக் கடைத்தெருப் பக்கம் வேகமாக நடந்தாள்.

நைனா கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். சைக்கிள் கரையில் விழுந்து கிடந்தது, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் ஓடி வந்தவர் அந்தச் சேலையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"சத்தம் போடாத நைனா" என்றேன். "இன்னும் முழுசா காயல."

அவருக்குப் புரியவில்லை. நான் பொறுமையாக விளக்கினேன். உப்புப் பக்கம், அதற்கு அடுத்த பக்கம், வெயில், சித்திரை, எல்லாம். பாடம் சொல்லிக்கொடுப்பதில் நான் அத்தையை உரித்துவைத்திருந்தேன். சேலையின் ஒரு ஓரத்தைத் தூக்கி வெள்ளையைக் காட்டினேன். சந்தேகம் இருந்தால் நாக்கில் வைத்துப் பார்க்கலாம் என்றேன். நைனா அப்படியே உட்கார்ந்தார். மிளகாய்த் தூள் அப்பியிருந்த விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார்.

"கரிக்குதா?"

"கரிக்குது" என்றார்.

ஆடுகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. பிறகு சேலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"அம்மா வராது பாப்பா."

"அடுத்த பக்கத்துல போட்டிருக்குது நைனா."

"புக்குல தப்பா போட்டுட்டான்."

நைனா நாற்பது வருஷம் உப்பு விற்றவர். உப்பைப் பற்றி அவர் சொன்ன ஒரே பொய் அது. நான் அழவில்லை என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஆனால் ஏரியில் இருந்த அத்தனை ஆடும் திரும்பிப் பார்த்தன.

அன்று சாயங்காலம் நைனா அத்தையிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. அத்தை அடுப்படியில் உட்கார்ந்து மைதா மாவில் பசை காய்ச்சினாள். நீல அட்டைப் புத்தகத்தைப் பிரித்து, உப்புக்கு அடுத்த பக்கத்தை அதற்கடுத்த பக்கத்தோடு சேர்த்து ஒட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்தாள். பால்வாடியில் அவள் ஓய்வு பெறும் வரைக்கும் அந்தப் புத்தகம்தான். செஞ்சியில் ஒரு தலைமுறையே அதில்தான் படித்தது. இன்றைக்குத் தாசில்தாராகவும் நர்ஸாகவும் இருக்கிறார்கள். உப்பு கரையும் என்று அவர்களுக்கு அத்தை சொல்லிக்கொடுத்தாள். திரும்ப வரும் என்பதை அவர்கள் வேறு எங்காவதுதான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். புத்தகம் இப்போது இல்லை. பசைக்கு ஆசைப்பட்டுக் கரப்பான்பூச்சி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தின்றது என்று அத்தையே ஒரு முறை சொன்னாள். மாம்பழக் கலர் சேலை என்ன ஆயிற்று என்று தெரியாது. சித்திக்குப் போகவில்லை.

அதற்கப்புறம் நான் ஏரிக்குக் கூப்பிடவில்லை. நைனாவும் கேட்கவில்லை. என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, தேறிவந்த குழந்தைக்குத் திடீரென்று என்ன ஆயிற்று என்று ஊரில் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார்கள்.

மறுபடி ஐப்பசி வந்தது, மழை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நைனா கடையை மூடிவிட்டுத் தானாகவே என்னைத் தூக்கி சைக்கிள் பாரில் உட்காரவைத்தார். ஏரி நிரம்பியிருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடம் எது என்றே தெரியவில்லை. அலை கரையில் வந்து மோதிக்கொண்டிருந்தது. மலை தலைகீழாக நின்றது. நைனா ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி காத்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவரே சொன்னார்.

"சித்திரைக்கு வத்திடும் பாப்பா."